இறங்காத பாரம்

ஆறு பழைய பேட்டரிகளையும் இறக்கித் தரையில் வைத்த பிறகும் அந்தக் கோல்ஃப் வண்டியின் பின்பக்கம் எழும்பவில்லை.

விஜயபாண்டி குனிந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தான். ஒரு விரல்தான் போனது. இறக்கிய எடைக்கு நாலு விரலாவது போயிருக்க வேண்டும். சிலமலையில் பட்டறை வைத்திருப்பவன் அவன். ஆள் பொய் சொல்வான், வண்டி சொல்லாது என்று நம்பிப் பிழைக்கிறவன், பாவம். ஸ்பிரிங் பட்டை செத்திருக்கும் என்று ஜாக்கி போட்டுப் புதுப் பட்டைகளை மாட்டினான். ஜாக்கியை இறக்கியதும் அவையும் முனகிக்கொண்டே நெளிந்து பழைய இடத்திலேயே வந்து நின்றன.

போடிமெட்டுக்கு மேலே, அந்த எஸ்டேட் கொட்டகைக்குள் மூன்று மணிக்கே மூடுபனி புகுந்திருந்தது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் விறகுப் புகையும் பேட்டரி ஆசிட் நெடியும் ஈரச் சாக்கு வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டின. தகரத்திலிருந்து நீர் விட்டு விட்டுச் சொட்டியது. சொட்டாத இடைவெளிகளில், ஆளில்லாத பின்சீட்டின் ரெக்சின், யாரோ வசதியாகச் சாய்ந்து உட்காருவதுபோல் மெல்லக் கிறீச்சிட்டது.

"சோலி முடிஞ்சதா, இல்ல வண்டிக்குத் தாலாட்டுப் பாடுறியா?" சூப்பர்வைசர் சீனிச்சாமி வாசலிலேயே நின்றான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"அண்ணே, பின்னால ஏதோ பாரம் இருக்கு. கடைசியா இதுல யாரு ஏறுனா?"

"காய் எடுக்க வந்த மூணு பொம்பளைக. மேட்டுல நடக்க மாட்டோம்னாளுக, ஏத்திவிட்டேன். இறங்குன அன்னைக்கே சொல்லாம கொள்ளாம ஓடிட்டாளுக." வண்டியைப் பார்க்காமல் துப்பினான். "இன்னைக்குக் காய் எடுக்க வந்த உன் பொண்டாட்டி கீழ்க்காட்டுல கால் பிசகிக் கெடக்காளாம். ஜீப்பு லோடோட போயிருச்சு. வேணும்னா இதுல ஏத்திக்க. இல்லையா, அங்கனயே கெடக்கட்டும்."

விஜயபாண்டி புது லித்தியம் பேட்டரியை அவசரமாக மாட்டினான். முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். பின்சீட்டில் மட்டும் அவளை ஏறவிடக் கூடாது.

சரிவில் வண்டி அவனைத் தள்ளிக்கொண்டு போனது. பிரேக்கை முழுக்க மிதித்தும் தள்ளியது. முதுகுக்குப் பின்னால் ரெக்சின் கிறீச்சிட்டது. அவன் திரும்பவில்லை.

பனிக்குள் சந்திரவல்லி ஒற்றைக் காலில் நின்றாள்.

"எம்புட்டு நேரம் மாமா! இந்த ஊரு அட்டைக்கெல்லாம் இன்னைக்கு எம்மேலதான் விருந்து."

"முன்னால வா, புள்ள. பின்னால வேணாம்..."

அதற்குள் அவள் கைக்கெட்டிய கம்பியைப் பிடித்துப் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டைகள் அலறின. டயர் மட்கார்டில் முட்டியது.

குதித்து ஓடினான். அவள் கையைப் பிடித்து இழுத்தான். காய்ந்த ஏல இலைபோல வந்தாள்.

வண்டி எழும்பவில்லை.

அவள் சேற்றில் நின்றாள். சேறு அமுங்கவில்லை.

"அட, கால் வலியே போயிருச்சு மாமா!"

பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. ஏலச்செடிகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அவன் அவள் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பற்றினான்.

செருப்பு தரையில் கிடந்தது. அவள் பாதங்கள் அவன் மார்புக்கு நேராக. முகத்துக்கு நேராக. அதற்கும் மேலே.

பனிக்குள்ளிருந்து அவள் குரல் செல்லமாகக் கோபித்துக்கொண்டது.

"ஏன் மாமா இப்பிடி இறுக்குறீக? கை வலிக்குது. விடுங்க."