கூவாமல் வருவது

சட்டி கழுவிக்கொண்டிருந்த இராசேஸ்வரி, மறுகணம் முற்றத்து மணலில் குப்புறக் கிடந்தாள். இரண்டு கையும் காதைப் பொத்தியிருந்தன. வாய் தானாகத் திறந்திருந்தது. கரிச்சட்டி உருண்டுபோய் வேப்பமரத்தடியில் நின்றது. உச்சி வெயில். கோழி ஒன்று குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. கடற்பக்கமிருந்து வந்த காற்று வெள்ளாங்குளத்து வயல்களின் காய்ந்த தாள் மணத்தைக் கொண்டுவந்து வீட்டுத்திட்ட வீட்டின் பூசாத சுவரில் போட்டுவிட்டுப் போனது. எதுவுமே நடக்கவில்லை. தான் ஏன் விழுந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. உடம்பு அறிந்ததை மனம் பிறகுதான் மெல்லத் தேடிப் பிடித்தது.

ஒரு சத்தம். தலையணையை யாரோ தூரத்தில் நின்று குத்தியது போல. 'டுப்'.

பீரங்கியிலிருந்து ஷெல் புறப்படுகிற சத்தம். சண்டை முடிந்து ஏழாவது வருடத்தில்.

"அம்மா, ஏன் படுத்திருக்கிறீங்கள்?" கதவடியில் அபிசா நின்றாள்.

"வழுக்கிப்போட்டுது குஞ்சு."

"மணலில வழுக்குமே?" சிரித்த பிள்ளை திடீரென்று அண்ணாந்து பார்த்தது. "ஆரம்மா விசில் அடிக்கினம்?"

"விசிலோ?"

"ஓம். மேலால. நீட்டா. உங்களுக்குக் கேக்கேல்லையே?"

கேட்கவில்லை. இராசேஸ்வரிக்குக் காற்று மட்டும்தான் கேட்டது.

அபிசா முகாமில் பிறந்தவள், ஷெல்லை அறியாள். நீங்களும் அறியாதவர்களாகவே இருங்கள், பிள்ளைகள். ஆனாலும் இந்தக் கதைக்காக ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் 'டுப்' என்று கேட்கும். விழுந்து படுக்க வேண்டும். பிறகு கூவல் கேட்டால் பயமில்லை, அது உன் தலைக்கு மேலால் வேறெங்கோ போகிறது. கூவாமல் வந்தால், அது உனக்கு. வன்னியில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் இது தெரிந்திருந்தது.

மூத்தவள் டிலக்சனா போன அன்று இராசேஸ்வரி கூவலை நன்றாகக் கேட்டாள். பதுங்குகுழி வாசலில் கிடந்தபடி, 'அப்பாடா, எங்களுக்கில்லை' என்று மூச்சுவிட்டுத் தலையைத் தூக்கினாள். கஞ்சி வரிசை நின்ற இடத்தில் வரிசை இல்லை. வரிசையில் கடைசியாக டிலக்சனா நின்றிருந்தாள், கையில் வாளியோடு.

அந்த 'அப்பாடா'வை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். முன்னறையில், சன்னலோரக் கதிரையில், புருசன் பார்த்தீபன் குனிந்தபடி இருந்தான். அவனுக்குக் காது முக்கால்வாசி கேளாது. ஷெல் துண்டு ஏறிய வலக்கையில் விரல்கள் மடியாது. நுணுக்கமான வேலை செய்து பழகினால் விரல் திரும்பும் என்று ஆசுபத்திரியில் சொன்னதைக் கேட்டு, வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் இரத்தினம் ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். சொக்லேட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்கியது ஓர் ஆட்லறிப் பீரங்கி. சில்லு, கால், குழல், எல்லாம் துண்டு துண்டாக. நகவெட்டியால் கொய்து, அரத்தாளில் தேய்த்து, பசை வைத்து ஒட்ட வேண்டும். அண்ணர் சண்டைக்கு முதலே பனி நாட்டுக்குப் போனவர். அவருக்கு அது விளையாட்டுச் சாமான்.

"உங்கட அண்ணருக்கு இதைத் தவிர வேற ஒண்டும் அம்பிடேல்லையாமோ? ஒரு வீடு, ஒரு பஸ்?"

"என்ன?"

கத்திச் சொன்னாள்.

"பஸ் எண்டால் நேரத்துக்கு வராதெண்டு விட்டிருப்பார்." அவன் ஒரு குட்டிச் சிப்பாயைத் தூக்கிக் காட்டினான். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு காதையும் பொத்தியிருக்கும் சிப்பாய். "இவனும் என்னை மாதிரித்தான். நீ எவ்வளவு கத்தினாலும் கேக்காது."

அவள் சிரிக்கவில்லை. குழலைப் பார்த்தாள். இரண்டு பாதியாக வந்ததை அவன் காலையில்தான் ஒட்டியிருந்தான். பசை நெடி அறையை நிறைத்திருந்தது. பத்திரிகைத் தாளில், விரல்நகம் அளவான ஷெல்கள், மஞ்சள் பூசிக் காயவைத்தபடி வரிசையாகக் கிடந்தன. வரிசையில் ஓர் இடம் வெறுமை. அங்கே மஞ்சள் வட்டம் மட்டும் இருந்தது.

"ஒண்டு எங்க?"

"நிலத்தில விழுந்திருக்கும்."

அறையை இரண்டு தரம் கூட்டினாள். கிடைக்கவில்லை.

அடுத்த நாள் அரிசி களைகிறபோது 'டுப்'. அடுப்படியில் விழுந்து கிடந்தாள். வெளியே அபிசா, "அம்மா, விசில்!" என்று கைகொட்டினாள். பத்திரிகைத் தாளில் இன்னொரு மஞ்சள் வட்டம். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொரு தரமும் அவள் நிலத்தோடு நிலமாகக் கிடந்து வெடிச்சத்தத்துக்குக் காத்திருந்தாள். வெடிக்கவில்லை. புறப்பட்டவை எல்லாம் மேலே எங்கோ இருந்தன. புறப்பட்டது விழாமல் விடாது. பிள்ளைக்குக் கூவுகிறது. அவளுக்குக் கூவவில்லை.

அப்படியென்றால், தனக்குத்தான்.

அது விளங்கியபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பாரம் இறங்கினதுபோல் இருந்தது. வரட்டும். ஏழு வருடம் பிந்தி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் தன்மேல் விழுகிறபோது பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது. அன்றிலிருந்து அபிசாவின் பாயைத் தகப்பன் பக்கம் போட்டாள். தலை இழுத்துப் பின்னிவிடப் பக்கத்து வீட்டுச் சிவலட்சுமியிடம் அனுப்பினாள். மடியில் ஏற வந்த பிள்ளையை, "தள்ளிப் போ" என்று தள்ளினாள்.

"அம்மா என்னோட கோவமோ?"

"இல்லைக் குஞ்சு. நீ தள்ளி நில். அவ்வளவுதான்."

பார்த்தீபனிடம் ஒருமுறை கேட்டும் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, இதைக் கொண்டுபோய் எரிப்பமே?"

அவன் தூரிகையை வைத்துவிட்டு வலக்கையை நீட்டினான். சுட்டுவிரல் நடுங்கி நடுங்கி மடிந்தது. ஏழு வருடமாக மடியாத விரல். "பாத்தியே? பச்சை பூசி முடியட்டுமப்பா. பிறகு நீ சொல்லுறபடி." கண் நிறைய ஒரு சிரிப்பு. அவள் தூரிகையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மிஞ்சியது ஒரே ஒரு ஷெல். அன்று பின்னேரம் அதை எடுத்துச் சேலைத் தலைப்பில் வைத்து இறுக்கி முடிந்தாள். பீரங்கியின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். இரவு முழுக்க முடிச்சைப் பிடித்தபடி கிடந்தாள். இருந்தது. விடியவும் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. இனிப் பீரங்கியில் போட ஒன்றுமில்லை.

காலை வெயில் முற்றத்தில் விழுந்தது. அபிசா வெள்ளைச் சீருடையில் வெளியே வந்தாள். பள்ளிக்கூட வான் வண்டி வர நேரமிருந்தது.

"வேலிப் படலையடியில போய் நில் பிள்ளை. எனக்குக் கிட்ட நிக்காத."

பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது.

டுப்.

விழுந்தாள். மணல். கன்னத்தில் சூடு. கை முடிச்சைத் தேடியது. முடிச்சு அவிழவில்லை. உள்ளே ஒன்றுமில்லை. துணியில் மஞ்சள்.

வாயைத் திறந்தாள். காத்திருந்தாள். எனக்கு. எனக்குத்தான். வா.

அப்போது கேட்டது.

கூவல். மெல்லிய, நீண்ட கூவல். கூரைக்கு மேலால். வேம்புக்கு மேலால். அவளுக்கு மேலால், கடந்து.

அப்பாடா.

உடம்பு அவளைக் கேட்காமலே மூச்சு விட்டது. தலை தானாக நிமிர்ந்தது. கண்ணுக்கு எதிரே சன்னல். சன்னலில், பச்சை இன்னும் ஈரமாக, பீரங்கி. சுவர்ப்பக்கம் திருப்பிவைத்த வாய் இப்போது படலையைப் பார்த்திருந்தது. அதற்குப் பின்னால் பார்த்தீபன் குனிந்திருந்தான், தூரிகையோடு, ஒன்றும் கேளாமல்.

"அபிசா!" கத்தினாள். "விசில்... விசில் கேக்குதே?"

படலையடியில், தள்ளி, தாய் நிறுத்திய இடத்திலேயே பிள்ளை நின்றாள். அம்மா தன்னைக் கூப்பிட்டுவிட்டாள் என்று முகம் மலர்ந்தது.

"இல்லையேம்மா. எனக்கு ஒண்டும் கேக்கேல்ல."

கூவல் இறங்கிக்கொண்டிருந்தது.

"நில்லுங்கோ, வடிவாக் கேட்டுச் சொல்லுறன்" என்று அபிசா சின்னக் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, முகத்தை வானத்துக்குத் தூக்கி, அசையாமல் நின்றாள்.