இமைக்கக் கூடாத பதினைந்து நிமிடங்கள்

உலர்த்தும் அடுப்பைத் திறந்ததும் மெரியானாவின் மூக்கில் வந்து மோதியது, உருகிய சீஸும் வெங்காயமும் கலந்த வாசனை! கழுவிக் காயவைத்த குடுவைகளுக்கு நடுவே, தாளில் சுற்றிய இரண்டு சீஸ் ரோல்கள் புது மாப்பிள்ளை மாதிரி சொகுசாக உட்கார்ந்திருந்தன.

"யாரோடது இது?"

மூன்றாம் மாடியே தலையைக் குனிந்துகொண்டது. இன்வர்கார்கில் நகரில் பால்புரதத்தை அலசும் அந்த ஆய்வகத்தில், பாதுகாப்புப் பொறுப்பு மெரியானாவுடையது. இருபத்தேழு வயதுக்கு அவள் கறார் கொஞ்சம் அதிகம் என்று தேநீர் அறையில் ஒரு பேச்சு உண்டு.

"என்னோடதுதான்..." என்று முன்னால் வந்தான் ஃபெர்கஸ். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள். வெளியே பெய்யும் மழையின் நிறத்தில் கண்கள்... சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை. அதைக் கவனித்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. பெரிய பாதுகாப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து முறைத்தாள்.

"நேத்து இந்த அடுப்புல என்னென்ன காஞ்சுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க. ஆனா ரோல் நல்லா மொறுமொறுன்னு வந்திருக்கு. ஒண்ணு எடுத்துக்கறீங்களா?"

குடுவை கழுவிக்கொண்டிருந்த நோலீன் களுக்கென்று சிரித்தாள். அந்த மாடியில் இருபது வருஷமாக இருப்பவள். அவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு தும்மல்கூட நடக்காது.

மெரியானா இடுக்கியால் ரோல்களை எடுத்து அபாயக் கழிவுத் தொட்டியில் போட்டாள்.

"ஐயோ, எங்க அம்மா செஞ்சதுங்க!"

"அம்மா மேல பாசம் இருந்தா, முழுசா வீடு போய்ச் சேருங்க."

தண்டனையும் கிடைத்தது. ஒரு மாதம், திங்கட்கிழமைதோறும், அவசரத்துக்குக் கண் கழுவ வைத்திருந்த குழாயைத் திறந்து, தேங்கிய தண்ணீர் போய்த் தெளிந்து வரும்வரை ஓடவிட வேண்டும். எல்லோரும் தட்டிக்கழிக்கும் வேலை. அவனோ தவறாமல் செய்தான். செய்துவிட்டு இடுப்பு வளையக் குனிந்து, "மகாராணி, தண்ணி பளிங்கு மாதிரி ஓடுது!" என்பான். "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்பாள் அவள், நிமிராமல்.

நிமிராமல்தான்... ஆனால் திங்கட்கிழமைகளில் மட்டும் அவளுடைய வெள்ளைக் கோட்டு இஸ்திரி போட்டு வருவதை நோலீன் கவனிக்காமலா இருப்பாள்?

முதலில் யார் இறங்கி வருவது? அதுதான் சிக்கல். 'ஒரு மன்னிப்புக் கேட்டா என்ன குறைஞ்சுடுவான்?' என்று இவள். 'ஒரு தடவை சிரிச்சா என்ன குறைஞ்சுடுவா?' என்று அவன். நாலாவது வாரம் தேநீர் அறையில் அவன் சலித்துக்கொண்டான்:

"அவங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகலை. ரெண்டாம் மாடியில ஒரு இடம் காலியாம். கேட்டிருக்கேன்."

பத்தே நிமிடத்தில் செய்தி மெரியானாவிடம் வந்து சேர்ந்தது. "போகட்டுமே, எனக்கென்ன?" என்றாள். அன்று மாலைவரை ஒரே உப்பைத் தராசில் மூன்று தடவை நிறுத்தாள்.

மறுநாள் வியாழன். காரக் கரைசல் குப்பியின் மூடி இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. அப்போது கதவுக்கு வெளியே அவன் வருவது தெரிந்தது. சொல்லிக்கொண்டு போகத்தான் வருகிறானோ...? இந்தக் கண்ணாடியோடு பார்த்தால் தவளை மாதிரி இருப்பேனே! ஒரு நிமிஷம்தானே என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கை மட்டும் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தது.

பட்டென்று மூடி தெறித்தது. ஒரே ஒரு துளி... இடது கண்ணில்.

அவள் அலறி முடிப்பதற்குள் அவன் அவளைக் குழாயடிக்குக் கொண்டு போயிருந்தான். தண்ணீர் தெளிவாகப் பொங்கியது.

"கண்ணைத் திறங்க!"

"முடியல... எரியுது!"

"திற, மெரியானா! பார்வை போயிடும், திற!"

'ங்க' எங்கே போனது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் விரல்களே அவள் இமைகளை விரித்துப் பிடித்தன. பதினைந்து நிமிடம். இமைக்கக் கூடாது. தண்ணீருக்கு அப்பால், மிக அருகில், அந்த மழைக் கண்கள்...

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"ஏழு."

"பொய்."

"சரி, நாலு. அசையாதே."

"தண்ணி சில்லுன்னு இருக்கு..."

"பேசாம இரு!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணோரத்தில் ஒரு தாள்துண்டை வைத்து, காரம் மிச்சம் இருக்கிறதா என்று நிறம் பார்த்தார். விளக்கடித்துப் பார்த்தார்.

"கருவிழிக்கு ஒண்ணும் ஆகலை. சொட்டு மருந்து போதும். உடனே இவ்வளவு நேரம் கழுவினது யாரு? அவருக்கு நன்றி சொல்லுங்க."

வெளியே அவளைப் பார்த்ததும் ஃபெர்கஸ் எழுந்து நின்றான்.

"ஒண்ணும் இல்லையாம்" என்றாள்.

"ஒண்ணும் இல்லையா...? நிஜமாவா?" பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

மறுநாள் விபத்து அறிக்கை எழுத வேண்டும். 'பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியது ஏன்?' என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

"ஆவி படிஞ்சு மறைச்சுதுன்னு எழுதிடேன்டி, யார் கேக்கப் போறா?" என்றாள் நோலீன்.

எழுதலாம்தான். ஆனால் பொய் அறிக்கை என்று எத்தனை பேரைத் திருப்பி எழுதவைத்திருக்கிறாள்! உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'ஃபெர்கஸ் வருவது தெரிந்தது. கண்ணாடியோடு நான் அழகாக இருக்க மாட்டேன் என்று நினைத்தேன்.'

சாட்சி படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதிமுறை. தாளை அவனிடம் நீட்டிவிட்டு ஜன்னல் மழையைப் பார்த்தபடி நின்றாள். அவன் படித்தான். மறுபடி படித்தான். காது இரண்டும் சிவந்தன. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது: 'மீண்டும் நிகழாமல் தடுக்க என்ன செய்யப்படும்?' அதில் ஏதோ எழுதித் திருப்பித் தந்தான்.

'முதல் நாள் அந்தக் கண்ணாடியோடு பார்த்தபோதே சாட்சிக்கு அவளைப் பிடித்துவிட்டது. இனி இதை அவர் தினமும் காலையில் அவளிடம் சொல்லுவார்.'

"அப்போ... ரெண்டாம் மாடி?"

"வேணாம்னு நேத்தே ஆஸ்பத்திரியிலேருந்து ஃபோன் பண்ணிட்டேன்."

அவள் தாளை மடித்தாள். குரல் மட்டும் கொஞ்சம் கறாராகவே வந்தது:

"மணி ஒன்பதே முக்கால். இன்னிக்கு இன்னும் சொல்லலையே?"

அவன் சொன்னான். கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.