சூளை வாயில் மூன்று செங்கல்

1994 வைகாசியில், பகல் பதினொரு மணிக்கு, மூடிக் கிடந்த அந்தப் பீங்கான் கம்பெனிக்குள் நானும் என் புருஷன் வீரமுத்துவும் நுழைந்தோம். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று எங்கள் குடிசையைப் பிடுங்கி எறிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. விருத்தாசலம் ரயிலடியில் படுத்துப் படுத்து மானம் போனதுதான் மிச்சம். இனி எவன் வந்தாலும் எழுந்திருப்பதில்லை என்ற வெறியோடுதான் போனேன்.

ஆளில்லாத இடத்தில் குடியேறுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதலில் அடுப்பு மூட்டி உலை வைத்துவிட வேண்டும். யார் அடுப்பு எரிகிறதோ அவர் வீடு. இரண்டு வருஷத்துக்கு முன் இதே கம்பெனியின் கொட்டகையில் மாயவன் என்றொருவர் அடுப்பு மூட்டிக் குடியிருந்தார். பிறகு கரும்பு வெட்ட பெண்ணாடம் போய்விட்டார் என்றார்கள். நாங்களும் நம்பினோம்.

கொட்டகை நடுவே சூளை. அதன் வாயைச் செங்கல் அடுக்கி, மண் பூசி அடைத்திருந்தது. என் புருஷன் பதினைந்து வருஷம் சூளை வாய் அடைத்தவர். காலிச் சூளையை யாரும் அடைப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். பூசி முடித்ததும் ஈரமண்ணில் உள்ளங்கையைப் பதிப்பது தொழில் வழக்கம். இங்கே பதிந்திருந்த கையில் மோதிரத் தடம் இருந்தது.

"மண்ணு பூசுறவன் எவனாவது மோதிரம் போடுவானா?" என்று சிரித்தார்.

நல்ல கல்லைக் கண்டதும் ஆசை. அடுப்புக்கென்று மூன்றை உருவினார்.

உள்ளேயிருந்து தலைமுடி கருகிய நாற்றம் வந்தது.

"எலி செத்திருக்கும். நீ பத்த வை."

பற்ற வைத்தேன். தீ எரிந்தது. அடுப்பில் புகையே இல்லை.

"சுலோச்சனா, மேல பாரு."

சூளையின் புகைபோக்கி கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது.

அந்தப் புகையைப் பார்த்துத்தான் கம்பெனி முதலாளியின் அடியாள் ராஜாங்கம் இரண்டு பேரோடு ஓடி வந்தான். மூவர் கையிலும் இரும்புக் கம்பி.

"எவண்டா சூளைய பத்த வச்சது?" குரல் நடுங்கியது.

"சூளைய தொடலிங்க. ஒலதாங்க வச்சோம்" என்றார் என் புருஷன்.

கம்பியை ஓங்கிய கையில் மோதிரம் மின்னியது. என் புருஷனின் முழங்கை மளுக்கென்று முறிந்தது. கொதிக்கிற உலையைத் தூக்கி ராஜாங்கத்தின் மூஞ்சியில் ஊற்றினேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

கண் தெரியாமல் பின்னால் தடுமாறி, சூளை வாயில் சாய்ந்தான்.

மூன்று கல் ஓட்டையிலிருந்து ஒரு கை வந்தது.

கருகி, விரல்கள் ஒட்டிப்போன கை. ராஜாங்கத்தின் தலைமுடியைப் பிடித்தது.

"மாயவா! வுடுடா! செத்துட்டன்னு நெனச்சிதான்டா உள்ள வச்சி கொளுத்துனேன்!"

அலறிய அவன் தலை உள்ளே போயிற்று. தோள் நுழையவில்லை.

கை இழுத்தது.

தோள்பட்டை நொறுங்கியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக முறிந்தன. ரத்தம் வழிய, அந்தத் தடித்த உடம்பு முழுவதும் மூன்று கல் இடைவெளிக்குள் போனது. மோதிர விரல் மட்டும் செங்கல் விளிம்பில் அறுந்து என் காலடியில் விழுந்தது. கூட வந்தவர்கள் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

பயத்தில் எனக்குச் சேலை நனைந்துவிட்டது. ஆனால் போக்கிடம் ஏது? அடுப்பை அணைத்தேன். அதே மூன்று கல்லை ஓட்டையில் வைத்து மண் பூசி, என் கையைப் பதித்தேன்.

"மாயவண்ணே, ஒரு மூலையில கெடந்துக்கறோம். எங்கள ஒண்ணும் பண்ணாதிங்க" என்று கும்பிட்டேன்.

விடிந்ததும் சூளையைப் பார்த்தேன். பூச்சில் என் கை அச்சு கலையாமல் இருந்தது.

என் புருஷன் மூலையைக் காட்டினார்.

அங்கே மூன்று செங்கல். நடுவே தீ.

"நீயா மூட்டுன?"

"நான் இல்லிங்க."

கிட்டே போனேன். உலையில் மூன்று பேருக்கான சோறு வெந்துகொண்டிருந்தது.