பார்க்கும்போது மட்டும் சாகும் பிள்ளை

கப்பலே மூழ்கினாலும் வன்னியபெருமாள் மதியத் தூக்கம் முடிந்து எழுந்த பிறகுதான் மூழ்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் எழுதாத சட்டம். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் நனைந்தது, உடைந்தது, குறைந்தது எதுவானாலும் சேதம் எங்கே நடந்தது, யார் கையில் நடந்தது என்று கண்டு சொல்லும் சர்வேயர் அவர். இன்சூரன்ஸ் கம்பெனிகள் அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்வதில்லை. அவருடைய உதவியாளர் சந்தனமாரிக்கோ அந்தத் தூக்கச் சட்டத்தில் துளியும் மரியாதை கிடையாது. 1978-ஆம் வருஷம் ஆனி மாதத்து வெயிலில், அழுது சிவந்த கண்களோடு ஒரு பெண் படியேறி வந்ததுதான் தாமதம், அவரை உலுக்கி எழுப்பிவிட்டாள்.

வந்தவள் பெயர் பிளாரன்ஸ். சாயர்புரத்துக்காரி, கணிதம் படித்தவள். 'கடலரசி' ஷிப்பிங் ஏஜென்சி வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்த கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நாளைக்குக் காலையில என்னைப் புரோகிராம் வேலையிலருந்து எடுத்துட்டு, பழையபடி கார்டுல ஓட்டை போடுற செக்‌ஷனுக்கே அனுப்பப் போறாவ சார். போனாப் போவுது. ஆனா பொய் சொல்லுதேன்னு சொல்லி அனுப்புதாவ. அதைத்தான் என்னால தாங்க முடியல."

"என்ன பொய்யாம்?"

"எம் புரோகிராம் ஒழுங்கா ஓடுதுன்னு சொன்னேன். தனியா ஓட்டினா நல்லா ஓடுது. அவிய சோதிச்சுப் பார்க்கும்போது மட்டும் விழுந்துருது. அவிய கண்ணால பார்த்ததை நம்புவாவளா, என் வாயை நம்புவாவளா?"

சந்தனமாரி அதற்குள் குற்றவாளியைப் பிடித்து விலங்கு மாட்டியாயிற்று. பெயர் மட்டும்தான் பாக்கி. "யாரோ உள்ளுக்குள்ளயே இருந்து வேலையைக் காட்டியிருக்கான் அண்ணாச்சி!" என்றாள்.

"பொறு ஏளா." வன்னியபெருமாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளாரன்ஸ் பக்கம் திரும்பினார். "எனக்குக் கம்ப்யூட்டர்னா என்னன்னு தெரியாதும்மா. மூட்டை முடிச்சுதான் தெரியும். அதுக்குத் தக்கனச் சொல்லுங்க."

பிளாரன்ஸ் சொன்னாள். ஒரு கப்பலில் பல சரக்கறைகள். எந்த அறையில் எதை எப்படி அடுக்குவது என்று கணக்குப் போட வேண்டும். அவளுடைய புரோகிராம் ஒவ்வோர் அறைக்கும் தன்னைப் போலவே ஒரு நகலைப் பெற்றெடுக்கும். அதைப் பிள்ளை என்பார்கள். பெற்றதைத் தாய் என்பார்கள். தாயிடம் பிறக்கும் நிமிஷத்தில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் பிள்ளைக்கும் வந்துவிடும். பிறந்த பிறகு பிள்ளை தனி ஆள். தன் அறைக் கணக்கைத் தானே போட்டு முடித்துத் தாயிடம் ஒப்படைக்கும்.

"சோதிக்கும்போது பிள்ளைங்க பாதி வழியிலயே செத்துருது சார். தாய்க்கு ஒண்ணும் ஆகலை. அது பாட்டுக்குக் காத்துக்கிட்டே கிடக்கு."

"சோதிக்கிறது யாரு?"

"ஜெபசீலன் சார். ஓடுற புரோகிராமை நடுவழியில நிறுத்தி, உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறதுக்கு டீபக்கர்னு ஒண்ணு எழுதியிருக்காரு. அதுல பாஸ் பண்ணாத எதையும் கம்பெனியில ஏத்துக்க மாட்டாவ."

வன்னியபெருமாள் செருப்பை மாட்டினார். அவர் வெயிலில் இறங்குவதைப் பார்த்து எதிர்க்கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

சங்கு ஏலத்துக்கு வந்த கூட்டத்தில் பாதை அடைபட்டு, சாயங்காலம்தான் கடலரசி அலுவலகத்துக்குப் போய்ச் சேர முடிந்தது. கம்ப்யூட்டர் அறையில் மார்கழி மாதக் குளிர். மெஷினின் நெற்றியில், அதாவது நெற்றி என்று சொல்லத்தக்க இடத்தில், மூன்று கோடாக விபூதி துலங்கியது. ஆபரேட்டர் செந்தூர்பாண்டி வாரம் தவறாமல் திருச்செந்தூர் போய்வருகிறவர். சந்தனமாரி அந்த விபூதியை ஓரக்கண்ணால் குறித்துக்கொண்டாள்.

மேனேஜர் சுந்தரராஜ் கைகூப்பி வரவேற்றார். "உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி சிரமம்? புள்ள நல்ல புள்ளதான். ஆனா தப்பு பண்ணினா ஒத்துக்கிடணும்லா?"

ஜெபசீலன் நாசரேத்துக்காரன். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, பேச்சிலும் கிடையாது. "நான் யாரையும் குத்தம் சொல்லல சார். டீபக்கர் சொல்லுது. அதுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது," என்றான்.

"ஒரு தடவை எனக்காகச் சோதிச்சுக் காட்டுங்களேன்."

ஜெபசீலன் டைப்ரைட்டர் போன்ற யந்திரத்தின் முன் உட்கார்ந்தான். புரோகிராமுக்குள் ஓரிடத்தில் ஒரு நிறுத்தக்குறி வைப்பதாகச் சொன்னான். ஓடிவரும் புரோகிராம் அந்தக் குறியை மிதித்ததும் மெஷின் அதை நிறுத்தி டீபக்கரைக் கூப்பிடும். டீபக்கர் உள்ளே பார்த்துவிட்டு, போகலாம் என்று அனுப்பிவைக்கும். யந்திரம் தடதடவென்று அச்சடித்தது. தாய் குறியில் நின்றது, பார்வையிடப்பட்டது, புறப்பட்டது. பிள்ளைகள் பிறந்தன. ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. பிளாரன்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சந்தனமாரிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பிள்ளைங்க எந்த இடத்துல விழுந்துது?" என்று கேட்டார் வன்னியபெருமாள்.

"குறி வச்ச இடத்துலதான். கணக்கு போடுற பகுதி. தாயும் அந்த வழியாத்தான் போவா, பிள்ளையும் அந்த வழியாத்தான் போவும்."

"வேற இடத்துல குறி வச்சா?"

ஜெபசீலன் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. "கணக்குப் பகுதியில எல்லா இடத்துலயும் வச்சுப் பார்த்தாச்சு சார். எங்க சந்தேகமோ அங்க வைப்பேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளை சரியா அந்த இடத்துலயே விழும். என் சந்தேகம் ஒண்ணுகூடத் தப்பினதில்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"ஓகோ," என்றார் வன்னியபெருமாள். "பிள்ளை போகாத இடத்துல, தாய் மட்டும் போற இடத்துல ஒரு குறி வைங்களேன்."

வைத்தான். தாய் நின்றது, போனது. பிள்ளைகள் பிறந்தன, கணக்கை முடித்தன, நல்லபடியாகத் திரும்பின. பிளாரன்ஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் அர்த்தமில்ல சார்," என்றான் ஜெபசீலன். "பிழை இருக்குற இடத்தைப் பார்க்கலை, அதான் பிழை தெரியலை."

"பிள்ளை பிறந்த பிறகு அதை யாரு பார்த்துக்கிடுவா?"

"யாரும் இல்ல. அது தனியா ஓடும். டீபக்கர் பிடிச்சிருக்கிறது தாயை."

வன்னியபெருமாள் தலையாட்டிவிட்டு எழுந்தார். சுந்தரராஜிடம், காலையில் முடிவு சொல்லுமுன் எல்லாரையும் ஒரு நாழி இந்த அறையில் உட்காரவைக்க முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் சந்தனமாரியால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை. "விபூதிதான் அண்ணாச்சி! தூள் உள்ள போயி மெஷின் கெட்டுப் போச்சு."

"அந்தத் தூள் தாய்க்கு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் பிள்ளையை மட்டும் கொல்லுமா?"

"அப்ப ஜெபசீலன்தான். பொறாமை. முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

"பொறாமைக்காரன் நான் கேட்டதுக்கெல்லாம் ஒண்ணும் ஒளிக்காமப் பதில் சொல்லுவானா? அவன் நேர்மையான பய. அதுதான் சிக்கல்."

"பின்ன யாரு?"

"எல்லாம் உன் காதுலயும்தான் விழுந்துது. சந்தேகப்பட்ட இடமெல்லாம் சரியா அமையுற மனுசனை நீ பார்த்திருக்கியா? இத்தனை வருஷத்துல எனக்குப் பாதி சந்தேகம் தப்பாத்தான் போயிருக்கு." சந்தனமாரி அன்றைக்கு ராத்திரி அதையே நினைத்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

காலையில் எல்லாரும் கூடினார்கள். சுந்தரராஜ் மேசை ஓரமாக நின்றார். செந்தூர்பாண்டி மெஷினைக் கும்பிட்டுவிட்டு வந்து நின்றார். பிளாரன்ஸ் கதவருகே நின்றிருந்தாள். தீர்ப்பு எதுவானாலும் உடனே வெளியேறிவிடத் தயாராக இருப்பவள்போல் கைப்பை தோளிலேயே தொங்கியது.

"தம்பி," என்றார் வன்னியபெருமாள் ஜெபசீலனிடம், "நீங்களே ஒரு புரோகிராம் எழுதுங்க. எவ்வளவு சின்னதா முடியுமோ அவ்வளவு சின்னதா. தாய் ஒரு பிள்ளையைப் பெறணும். பிள்ளை 'சுகம்'னு ஒரு வார்த்தை அடிச்சிட்டு முடிஞ்சு போகணும். பிளாரன்ஸ் விரல் எதுலயும் படக் கூடாது."

"அதுல பிழை வர இடமே இல்லையே சார்."

"அதுக்குத்தான் கேக்கேன்."

எழுதுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. டீபக்கர் இல்லாமல் ஓட்டினான். யந்திரம் 'சுகம்' என்று அடித்தது.

"இப்ப உங்க டீபக்கரைப் போட்டு, தாயும் பிள்ளையும் சேர்ந்து போற வழியில ஒரு குறி வைங்க."

ஓட்டினான். தாய் நின்றது, போனது. பிள்ளை பிறந்தது. செத்தது.

ஜெபசீலன் இன்னொரு முறை ஓட்டினான். குறியை ஒரு வரி தள்ளி வைத்து ஓட்டினான். பிள்ளை ஒரு வரி தள்ளிச் செத்தது.

"என்ன அண்ணாச்சி இது?" என்றார் சுந்தரராஜ்.

"உங்களுக்கு வந்த உளுந்து மூட்டை ஞாபகம் இருக்கா? கப்பல்ல குறையல, துறைமுகத்துல குறையல, குடோன்ல போயிப் பார்த்தா அத்தனையும் ஒழுகியிருந்துது. எல்லாரும் லாரிக்காரனைத் திட்டினிய. லாரியில ஏத்துறதுக்கு முன்னால தரம் பார்க்க வந்தவரு மூட்டைக்கு மூட்டை குத்தூசி விட்டுப் பார்த்திருக்காரு. தன் பக்கத்துல நின்ன மூட்டைகள்ல துளையைத் தேய்ச்சு மூடிட்டாரு. அவரு மூடுறதுக்கு முன்னாலயே லாரியில ஏறிப் போன மூட்டைகளை யாரு மூடுவா? உளுந்தைச் சிந்தவிட்டது உளுந்தைப் பார்க்க வந்த கைதான்." அவர் ஜெபசீலன் பக்கம் திரும்பினார். "தாய்கிட்ட இருக்குறது எல்லாம் பிள்ளைக்கும் வரும்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு. அப்ப நீங்க தாய்க்குள்ள வச்ச குறியும் வரும்லா? தாய் குறியை மிதிச்சா மெஷின் டீபக்கரைக் கூப்பிடும், அது வந்து பிடிச்சுக்கிடும். பிள்ளை மிதிச்சா மெஷின் யாரைக் கூப்பிடும்? அதைப் பார்த்துக்கிட ஆள் இல்லைன்னு நீங்கதானே சொன்னிய. கூப்பிட்டு ஆள் வரலைன்னா மெஷின் என்ன செய்யும்?"

ஜெபசீலனின் முகம் வெளுத்தது. "கொன்னுபோடும்," என்றான் மெதுவாக.

"அதான் சந்தேகப்பட்ட இடத்துலயெல்லாம் பிள்ளை விழுந்துது. சந்தேகப்பட்டதாலதான் விழுந்துது. இதுக்கு முன்னால பிள்ளை பெத்த புரோகிராமை இதுல சோதிச்சிருக்கியளா?"

"இல்ல சார். எல்லாம் ஒண்டிக்கட்டைதான். பிள்ளை பெறுற புரோகிராம் எழுதினதே பிளாரன்ஸ்தான் முதல்ல." அவன் எழுந்து நின்றான். அவனுக்கு வலித்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தாமலே சொன்னான்: "மேனேஜர் சார், அவங்க புரோகிராம்ல பிழை இல்ல. பிழை என்னுது. நானே கொன்னுட்டு, செத்துப்போச்சுன்னு அவங்க மேல புகார் எழுதியிருக்கேன்."

சுந்தரராஜ் தொண்டையைச் செருமினார். "அப்ப இந்தப் புள்ள சொன்னது...?"

"முதல் நாள்லருந்து நெசம்," என்றார் வன்னியபெருமாள்.

பிளாரன்ஸ் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். சந்தனமாரி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கள்ளன் ஒருவனும் அகப்படவில்லையே என்று சந்தனமாரிக்கு மனசின் ஒரு மூலையில் குறைதான். ஆனால் பிளாரன்ஸ் சிரிப்பதைப் பார்த்தபோது அந்தக் குறை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. செந்தூர்பாண்டி யாரும் கேட்காமலே எல்லாருக்கும் விபூதி கொடுத்தார். ஜெபசீலனும் பிளாரன்சும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், என்பது பாதியில்தான் நினைவுக்கு வந்து, அவர்களுக்கு மட்டும் காப்பி வாங்கி வரப் போனார்.

"இனிமே என் டீபக்கரை நானே சோதிச்சா நல்லா இருக்காது," என்றான் ஜெபசீலன் சுந்தரராஜிடம். "அதைப் பிளாரன்ஸ் சோதிக்கட்டும். அவங்க சரின்னா சரி."

மத்தியானத்துக்குள் அவன் டீபக்கரைத் திருத்திவிட்டான். பிள்ளை பிறக்கும் நிமிஷத்திலேயே, தாயோடு சேர்த்து அதன் கையையும் டீபக்கர் பிடித்துக்கொள்ளும். 'சுகம்' என்ற சின்னப் பிள்ளை பிழைத்தது. பிறகு பிளாரன்சின் கப்பல் புரோகிராமை ஓட்டினார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் குறியில் நின்று, உள்ளே இருப்பதைக் காட்டி, கணக்கை முடித்துத் தாயிடம் ஒப்படைத்தது. சுந்தரராஜ் கைதட்டினார். நல்ல மனுஷர்தான், கொஞ்சம் பிந்தி வருகிற நல்ல மனுஷர்.

எல்லாரும் கலைகிற நேரத்திலும் பிளாரன்ஸ் மட்டும் யந்திரத்தை விட்டு நகரவில்லை. எதையோ எழுதினாள், ஓட்டினாள், நெற்றியைச் சுருக்கினாள், மறுபடி ஓட்டினாள். சந்தனமாரி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

"ஜெபசீலன் சார்," என்றாள் பிளாரன்ஸ் தயங்கியபடி. "பிள்ளைக்கு ஒரு பிள்ளை பிறந்தா, அந்தப் பேரப்பிள்ளை சாவுது."

ஜெபசீலன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் விரித்து, பென்சிலைத் தேடி எடுத்து எழுத ஆரம்பித்தான். யந்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பிளாரன்ஸ் எழுந்து அவனுக்கு நாற்காலியை ஒதுக்கிக் காத்துக்கொண்டு நின்றாள்.

"வந்து ஓட்டிப் பார்க்கலியா சார்?"

"எதுக்கு?" என்றான் அவன், தாளிலிருந்து தலையைத் தூக்காமலே. "அதான் நீங்க சொல்லுதியள்ல."