எமிலியானுஸின் மோதிரம்

காலை பத்தரைக்கு மோதிரத்தைக் காணவில்லை.

எமிலியானுஸின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தட்டம் வெறுமையாகக் கிடந்தது. அவனுடைய கலியாண மோதிரம் அதில் இருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விமலராணி கோயிலுக்குப் போயிருந்தாள், புருஷனின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒழுங்குபண்ண. இப்போது அவள் பதறியிருக்க வேண்டும். பதற்றம் வந்தால்தானே! அவன் கண்மூடிய நாளிலிருந்து, பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி அவள் முழுதாக மரத்துப்போயிருந்தாள்.

இத்தாலிய நகரத்தின் நடுவே, பொலிதேயாமாப் பகுதியில் நாலாம் மாடி, மூன்று அறை விடுதி. இரண்டு பேராக நடத்தியதை இப்போது அவள் ஒருத்தியாக நடத்துகிறாள். உதவிக்கு றஜிதா. தங்கியிருந்தவர்கள் எமிலியானுஸின் தம்பி சுரேசும் அவன் மனைவி றம்யாவும்தான். இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறக் கிராமத்தில் அவர்களும் விடுதிதான் நடத்துகிறார்கள். செத்தவீட்டுக்கு வரக் கிடைக்காமல், பூசைக்காவது என்று முந்தாநாள் வந்திறங்கியிருந்தார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு விமலராணி பொரித்த சோற்றுருண்டை வைத்தாள். சாந்தா லூசியா திருநாள் அல்லவா!

"டோஸ்ட் இல்லையோ அண்ணி?" என்று சுரேஸ் கேட்டான்.

"இண்டைக்கு இல்லை," என்றாள். விளக்கம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. பிறகு றம்யாவையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். இப்போது வெறுந் தட்டத்தைச் சுற்றி நாலு பேரும் நின்றார்கள்.

"வீட்டிலை நிண்டது இவள் ஒருத்திதானே? பொலிசுக்கு அடியுங்கோ அக்கா!" றம்யா போனை எடுத்துவிட்டாள்.

றஜிதாவின் முகம் வெளிறியது. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவள். களவுக் கேஸ் ஒன்று விழுந்தால் நாட்டில் இருக்கிற அனுமதிக்கே வேட்டு.

"மாதா அறிய நான் தொடேல்லை அக்கா!"

"நாங்கள் போனாப் பிறகு என்ன செய்தனி?" என்று விமலராணி கேட்டாள்.

"பின்னறை கூட்டினன். கூட்டிற மெசின் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை."

"சுரேஸ், நீர்?"

"உங்களுக்குப் பின்னாலையே இறங்கிட்டன் அண்ணி. கீழைப் பேக்கரியிலை பாண் வாங்கித் திண்டிட்டு, சும்மா நடந்திட்டு இப்பதான் வாறன்."

"பாண் சூடா இருந்ததோ?"

"ஓம், சுடச்சுட."

"றம்யா, போனை வையும்."

விமலராணியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"சாந்தா லூசியாவண்டு இஞ்சை ஆரும் பாண் தின்ன மாட்டினம். முந்தி ஒரு பஞ்சத்திலை இண்டைய நாள்தான் கோதுமைக் கப்பல் வந்ததாம். மாவரைக்கப் பொறுமையில்லாமல் சனம் அப்பிடியே அவிச்சுத் திண்டதாம். அந்த நேத்தி. கீழைப் பேக்கரியும் இண்டைக்குப் பாண் போடாது, சோத்துருண்டை மட்டுந்தான். நீர் வெளியிலை போகேல்லை, சுரேஸ்."

சுரேஸ் மெல்லச் சட்டைக் கழுத்தைத் திறந்தான். சிலுவைச் சங்கிலியில் மோதிரம் தொங்கியது.

"அண்ணன்ரை முகத்தைக்கூட நான் பாக்கேல்லை அண்ணி. அவன்ரை கையிலை கிடந்தது..."

"கேட்டிருந்தாத் தந்திருப்பனே."

"கேக்க வாய் வரேல்லை."

மோதிரம் போனதற்காக ஏதாவது பொங்கி வருமா என்று விமலராணி பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சுவரோடு ஒட்டி நின்ற றஜிதாவின் நடுக்கம் கண்ணில் பட்டது. அப்போதுதான் சுரீரென்றது.

"அதை நீரே வைச்சிரும். ஆனா இந்தப் பிள்ளையிலை பழி விழேக்கை வாயை மூடிக்கொண்டு நிண்டீரே, வெக்கமாயில்லையோ! முதல்லை அவளிட்டை மன்னிப்புக் கேளும். இரண்டு பேரும்!"

வீடு அதிரக் கத்தியிருந்தாள். அவளுக்கே திடுக்கென்றது.

மன்னிப்புக் கேட்டார்கள். றஜிதா தலையாட்டினாள். மேசையில் மிஞ்சியிருந்த சோற்றுருண்டையை எடுத்து விமலராணியின் கையில் வைத்தாள்.

"காலையிலையிருந்து நீங்களும் ஒண்டும் தின்னேல்லை, அக்கா."

விமலராணி ஒரு கடி கடித்தாள். ஆறிப்போயிருந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக, வாயில் வைத்தது ஆறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.