நாக்கைத் தூக்கு

ஏஞ்சலின் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த அன்று கும்மிடிப்பூண்டியில் மண்டையைப் பிளக்கும் வெயில். பேய் வருவதற்கான சூழ்நிலையே இல்லை. வேப்பம்பட்டிலிருந்து ரயில் மாறி வந்து, சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பின்னால் இருந்த பழைய கட்டடத்துக்குள் நுழைந்தாள். ஒரு காலத்தில் அது ஆலை கேன்டீன். இப்போது கல்லீரல் ஆராய்ச்சி மையம். பல பேருடைய வயிற்றைக் கெடுத்த இடத்திலேயே வயிற்றுக்கு மருந்தும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே இருட்டு. ரத்தத்தில் காமாலையின் மஞ்சள் நிறமியை அளக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் அளவு மாறிவிடும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். பட்டப்பகலில் ஒரே ஒரு மங்கல் விளக்கு.

டாக்டர் வசந்தகுமார் அவள் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்தார்.

“கொழுப்புக் கல்லீரலுக்குப் புது மாத்திரைம்மா. சோதனைக்கு வர்ற நம்ம ஆளுங்க முழுங்கின மாதிரி நடிச்சு, கன்னத்துல ஒதுக்கி, வெளிய போய்த் துப்பிடுவாங்க. அதனால டார்ச் அடிச்சுப் பாக்கணும். வாயைத் திற, நாக்கைத் தூக்கு. இந்த ரெண்டும் சொல்லத் தெரிஞ்சா போதும்.”

அவள் நாலு வருஷம் நர்சிங் படித்திருந்தாள்.

வார்டின் மூலையில் ஒரு கட்டில் காலி. அதைத் தாண்டும்போது ஒரு வாடை அடித்தது. அழுகிய பழத்தில் பூண்டு நசுக்கிப் போட்ட மாதிரி.

“அது சாம்சன் கட்டிலு, சிஸ்டர்” என்றான் பக்கத்துக் கட்டில் பென்னி. ஆரம்பாக்கத்துக்காரன், கம்பி ஆலையில் வேலை. “கண்ணு மஞ்சளா கீது, மாத்திரைய நிறுத்துங்க சார்னு கெஞ்சினான். நேத்து குடிச்சியாடான்னு கேட்டாரு டாக்டரு. அவன் சர்ச்சுல டிரம் வாசிக்கிறவன் சிஸ்டர். கல்யாணத்துல சோடா குடுத்தாகூட மோந்து பாத்துட்டுதான் குடிப்பான்.”

“நிறுத்தலையா?”

“மாத்திரைக் கம்பெனிலேர்ந்து டை கட்டின ஆபீசர் ஒத்தரு வந்தாரு. பாதில நிறுத்தினா ஆராய்ச்சியே பூடும், குடுங்கன்னாரு. குடுத்தாங்க. நாக்கத் தூக்கச் சொல்லிப் பாத்து பாத்துக் குடுத்தாங்க.” பென்னி குரலை இறக்கினான். “வாரம் திரும்பறதுக்குள்ள அடக்கம் பண்ட்டோம். குடியால செத்தான்னு சொல்லிட்டாங்க. அவங்கம்மா அதுக்குதான் அழுவுது. செத்ததுக்குக்கூட அவ்ளோ அழுவல.”

பிறகு கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினான். “என் கண்ணப் பாரேன். மஞ்சளா கீதா?”

ஏஞ்சலின் டார்ச் அடித்தாள்.

மஞ்சள்.

டாக்டரை அழைத்துவந்து காட்டினாள். இன்றைய மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“நேத்து குடிச்சியாடா?”

பென்னி ஏஞ்சலினைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கிண்டல் வற்றியிருந்தது.

“குடிக்கல சார். வூட்ல பாப்பா கீது. இது வேணாம் சார்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. வாயைத் திற.”

விளக்கு அணைந்தது.

அந்தப் பகுதியில் மின்வெட்டு என்பது இயற்கை நிகழ்வு. யாரும் பதறவில்லை. ஜெனரேட்டர் உறுமும் என்று காத்திருந்தார்கள்.

உறுமவில்லை.

வாடைதான் வந்தது. மூலைக் கட்டிலிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு கட்டிலாகத் தாண்டி, டாக்டரின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கல்லீரல் செத்துப்போனவனின் மூச்சு. அவருக்கு அது புத்தகத்தில் படித்தே தெரியும்.

ஏஞ்சலினின் கையிலிருந்த டார்ச்சை யாரோ மெல்ல வாங்கிக்கொண்டார்கள். பட்ட விரல்கள் ஈரமாக இருந்தன.

டார்ச் எரிந்தது.

“வாயத் தொற.”

டாக்டரின் வாய் திறந்தது. அவருடைய இரு கைகளும் அதை மூடப் பார்த்தன. முடியவில்லை.

“நாக்கத் தூக்கு.”

நாக்கு எழுந்தது. அதன் அடியில் ஒரு மாத்திரை இருந்தது. யாரும் கொடுக்காத மாத்திரை.

“முழுங்கு.”

இருட்டில் அந்த ஒரு மடக்குச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

வெளிச்சம் அவருடைய இடது கன்னத்துக்குள் போய்ப் பார்த்தது. வலது கன்னத்துக்குள் பார்த்தது. முறைப்படி. அவரே சொல்லிக்கொடுத்த முறை.

மின்சாரம் வந்தபோது டார்ச் மூலைக் கட்டிலில் கிடந்தது. ஏஞ்சலின் பென்னியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெயிலுக்கு ஓடினாள்.

அதன்பின் மையத்துக்கு யாரும் வரவில்லை. மாத்திரையை விட்டதும் பென்னியின் கண் மெல்ல வெளுத்தது. டாக்டரின் கண் மஞ்சளானது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்லாச் சோதனையும் செய்து முடித்த இளம் டாக்டர் ஒருவர் மரியாதையாகக் கேட்டாராம்: “சார் குடிப்பீங்களா?”

“தொட்டதே இல்லை.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க சார்.”

பென்னியும் ஏஞ்சலினும் ஒருநாள் பார்க்கப் போனார்கள். “ஆப்பிள் வாங்கிக்கலாம் சிஸ்டர். எழவுக்கா போறோம், இன்னும் டைம் கீதே” என்றான் பென்னி.

பேசிக்கொண்டிருக்கும்போதே டாக்டரின் வாய் திறந்தது. நாக்கு தானாக எழுந்தது. யார் கையிலும் டார்ச் இல்லை. ஆனாலும் அவருடைய இடது கன்னம் உள்ளிருந்து சிவப்பாக ஒளிர்ந்தது. பிறகு வலது. பிறகு ஒரு மடக்கு. கண்ணோரத்தில் நீர் வழிந்தது, அதுவும் மஞ்சளாக.

கதவைத் திறந்துகொண்டு டை கட்டிய ஆபீசர் வந்தார். கையில் பூங்கொத்து.

“கவலையே படாதீங்க டாக்டர். அடுத்த ரவுண்டு திருவள்ளூர்ல ஆரம்பிக்கிறோம். ஆளுங்க ரெடி.”

அந்த வாடை கட்டிலை விட்டு மெல்ல நகர்ந்தது.

ஆபீசர் வாயைத் திறந்தார். கொட்டாவி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு அவர் நாக்கைத் தூக்கினார்.