கடலில் ஏது சோளக்காடு?

சிவகாசியில் சுகிர்தாவின் அப்பா ரத்தினசாமி ஓர் அச்சகம் நடத்துகிறார். கீழே அச்சகம், மாடியில் வீடு. மெஷின் ஓடினால் மாடியில் சாப்பாட்டு மேசையில் இருக்கும் தம்ளர் மெல்ல நடனமாடும். அது ஆடாத நாளில்தான் சுகிர்தாவுக்கு என்னவோ போல இருக்கும்.

ஆறாம் வகுப்பு படிக்கும் சுகிர்தாவுக்கு எதைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். போன மாதம் மிக்ஸியைக் கழற்றிப் பார்த்து அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"திரும்ப மாட்டிட்டேன்லம்மா?" என்றாள்.

"மாட்டுனது சரி, மிச்சமா இருக்க இந்த மூணு திருகாணி எங்க உள்ளது?" என்றாள் அம்மா.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு சுகிர்தா டீயை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். டிசைன் செய்யும் விக்னேஷ்குமார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். திரையில் நீலக் கடல். நடுவில் ஒரு தீவு. அதைச் சுற்றி நான்கு அம்புக்குறிகள். ஓர் அம்புக்குறியின் பக்கத்தில் மட்டும் கொழுகொழுவென்று ஒரு சோளக்கதிர்.

"இது என்ன ஆர்டர்ண்ணே?"

"கீழக்கரைப் பக்கம் ஒரு மீனவப் பெண்கள் சங்கம். வள்ளத்துல, அதான் சின்னப் படகுல, கடல்பாசி எடுக்கப் போறவுக. எந்தக் காத்து அடிச்சா தீவுக்கு எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு அட்டை போடுதோம். வள்ளத்துக்கு ஒண்ணு ஒட்டுவாகளாம்."

"கடல் அட்டையில சோளக்கதிர் எதுக்கு?"

"அது சோளக்காத்து, புள்ள! சங்கத்துப் பொன்னுத்தங்கம் அக்கா வாய்ஸ் மெசேஜ்ல சொன்னாக."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடல்ல ஏதுண்ணே சோளக்காடு?"

"கடல்ல இல்லட்டி, நம்ம சாத்தூர்ப் பக்கம் இருக்குல்ல? தை மாசம் சோளம் அறுக்கையில வடக்க இருந்து சிலுசிலுன்னு ஒரு காத்து வருமே, அதான். நான் சோளக்காட்டுலயே வளந்தவன், எனக்குத் தெரியாதா?"

சுகிர்தா அட்டையை எழுத்துக்கூட்டுவது போல நிதானமாகப் படித்தாள். காற்றுக்கு அது எங்கே போகிறது என்பதை வைத்துப் பெயர் வைப்பதில்லை, எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் வைப்பார்கள். வாடை வடக்கிலிருந்து வரும். தீவுக்குத் தெற்கே ஒதுங்கு. கொண்டல் கிழக்கிலிருந்து வரும், மேற்கே ஒதுங்கு. கச்சான் மேற்கிலிருந்து வரும், கிழக்கே ஒதுங்கு. சோளக்காற்று வடக்கிலிருந்து வரும், வடக்கே ஒதுங்கு.

கடைசி வரியில் அவள் விரல் நின்றுவிட்டது.

"அண்ணே, மத்த மூணுலயும் காத்து வார பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கச் சொல்லுது. இதுல மட்டும் காத்து வார பக்கமே போய் நிக்கச் சொல்லுதே? அதோட, வடக்க இருந்து ரெண்டு காத்து வருது. தெக்க இருந்து ஒண்ணுமே இல்ல!"

விக்னேஷ்குமார் தலையைச் சொறிந்தான். "அவுக 'வடக்க ஒதுங்கணும்'னுதான் சொன்னாக. அம்புக்குறிதான் நானாப் போட்டேன்."

அதற்குள் அப்பா வந்துவிட்டார். "ஏலே, முடிஞ்சுதா? நாலு மணிக்கு மெஷின்ல ஏத்தணும். ஆறு மணிக்கு லோடு கிளம்புது. விடிஞ்சா வள்ளத்துல ஒட்டிருவாக."

"அந்த அக்காவுக்குப் புரூஃப் அனுப்புனேன் அண்ணாச்சி, இன்னும் பாக்கல. போன் போட்டா தொடர்பு எல்லைக்கு வெளியங்குது."

"கடலுக்குப் போயிருப்பாக. எழுத்துப் பிழை இல்லேல்ல? அப்ப ஏத்து."

"அப்பா, ஏத்தாதீக!" என்றாள் சுகிர்தா. "இத நம்பி ஒதுங்குனா வள்ளம் கவுந்துரும். பத்து நிமிசம் குடுங்கப்பா, காட்டுதேன்."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "பத்தே நிமிசம்."

சுகிர்தா ஒரு நீளமான தகரத் தட்டைக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றினாள். நடுவில் ஒரு மை டப்பாவை வைத்தாள். அதுதான் தீவு. இரண்டு தீப்பெட்டிகளின் உள்பெட்டிகளை உருவி மிதக்கவிட்டாள். அவைதான் வள்ளங்கள். ஒன்று டப்பாவுக்கு வடக்கே, ஒன்று தெற்கே. பிறகு மேசை மின்விசிறியை வடக்குப் பக்கம் வைத்துச் சுழலவிட்டாள்.

"தண்ணியப் பாருங்க. விசிறிக்குப் பக்கத்துல சின்னச் சின்னச் சுருக்கம்தான். தள்ளிப் போகப் போகச் சுருக்கம் பெருசாகுது. காத்து தண்ணி மேல எம்புட்டுத் தூரம் தடையில்லாம ஓடுதோ, அம்புட்டு அலை வளரும். இந்தத் தட்டுலயே இப்படின்னா கடல்ல எப்படி இருக்கும்?"

வடக்கே இருந்த வள்ளம் டப்பாவில் இடித்தது. மறுபடி இடித்தது. சாய்ந்தது, தண்ணீர் குடித்தது, மூழ்கியது.

தெற்கே இருந்த வள்ளம் டப்பாவின் மறைவில் அப்படியே நின்றது.

"தீவு காத்த மறிச்சிருது. அதுக்குப் பின்னால அலை புதுசாத்தான் வளரணும். வளர இடம் இல்ல. அதான் சும்மா கிடக்கு."

அப்பா மூழ்கிய தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "விக்கி, இப்ப மெஷின்ல ஏத்த வேண்டாம்னு சொல்லு. அந்த மெசேஜ இன்னொரு தடவ போடு."

அலைச் சத்தத்துக்கு நடுவே பொன்னுத்தங்கத்தின் குரல் வந்தது. "சோளகக் காத்து அடிச்சா தீவுக்கு வடக்க ஒதுங்கணும்னு போடுங்க தம்பி."

"நிறுத்துங்க! 'சோளக் காத்து' இல்ல, 'சோளகக் காத்து'. நடுவுல ஒரு 'க' இருக்கு!" என்றாள் சுகிர்தா.

"கடல் இரைச்சல்ல அது எனக்குக் கேக்கவே இல்ல, புள்ள," என்றான் விக்னேஷ்குமார்.

சுகிர்தா கண்ணை மூடி யோசித்தாள். "நம்ம ஊருல வாழப்பழத்த வாளப்பளம்னுதான சொல்லுதோம்? அவுகளும் அப்படிச் சொல்லியிருந்தா? எழுதுறப்ப 'சோழகம்'னு இருக்குமோ?"

அப்பா அலமாரியிலிருந்து தடித்த அகராதியை இறக்கினார். புரட்டினார். அவர் மீசை மேலே ஏறியது.

"சோழகம். தென்காற்று."

"தெக்க இருந்து வார காத்து! அப்ப வடக்க ஒதுங்குறதுதான் சரி!" என்று சுகிர்தா குதித்தாள். "நாலு திசைக்கும் நாலு காத்து ஆச்சு!"

விக்னேஷ்குமார் பெயரைத் திருத்தி, அம்புக்குறியைத் தெற்குப் பக்கம் கொண்டுபோனான். சோளக்கதிரை அழிக்கும்போது மட்டும் பெருமூச்சு விட்டான். "தேடித் தேடி எடுத்த படம், புள்ள." திருத்திய அட்டையைப் பொன்னுத்தங்கத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. பொன்னுத்தங்கம்தான். அப்பா ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணாச்சி, இப்பதான் கரைக்கு வந்தோம். முதல்ல ஒரு படம் அனுப்பியிருக்கீக, அதுல சோளக்கதிர் இருக்கு. கடல்ல நாங்க வெவசாயமா பாக்கோம்?" பின்னால் பல பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர் குரல் மாறியது. "ஆனா அம்புக்குறியப் பாத்ததும் உசுரே இல்ல. அடிச்சு முடிச்சிருப்பீகளோன்னு ஓடி வந்து போன் போடுதேன்."

"ரெண்டாவது படத்தப் பாருங்கக்கா," என்றாள் சுகிர்தா.

பொன்னுத்தங்கம் அட்டையை வரி வரியாக வாய்விட்டுப் படித்தார்.

"அம்புட்டும் சரியா இருக்கே! யாரு கண்டுபிடிச்சது? கடக்கரையில பிறந்த ஆளா?"

"எம் மக," என்றார் அப்பா. "இன்னும் கடலையே பாத்ததில்ல."

"கடலப் பாக்காமயா? அண்ணாச்சி, பரிச்சை லீவுல புள்ளயக் கூட்டிட்டு வாங்க. எங்க வள்ளத்துலயே ஏத்திட்டுப் போறோம். புயல் எச்சரிக்கை இல்லாத நாளாப் பாத்து!"

போனில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து கைதட்டினார்கள். இங்கே மெஷின்காரர் தட்டினார், அட்டை வெட்டுபவர் தட்டினார். எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டியது விக்னேஷ்குமார்தான்.

அப்பா சுகிர்தாவை மெஷினிடம் கூட்டிப்போய்ப் பச்சைப் பொத்தானைக் காட்டினார். "நீயே அமுக்கு."

அவள் அழுத்தினாள். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. நீலக் கடல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"சுகி!" மாடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கீழ என்ன நடக்கு? தம்ளர் இந்த ஆட்டம் ஆடுது!"